புதுப்பிப்பு: ஆல்டோ 800-இல் கியரை எப்போது மாற்றுவது?

ஏற்காடு ஏறும்போது மூன்றாவது கியரில் வண்டி திணறுகிறது, இரண்டாவதுக்கு இறக்கினால் இன்ஜின் அலறுகிறது, எது தேவலை என்று கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி. அலறட்டும், ஒன்றும் ஆகாது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அதிகபட்ச டார்க்கே (இன்ஜின் தரும் திருப்பு விசை) 69 நியூட்டன் மீட்டர், அதுவும் 3500 ஆர்பிஎம்மில்தான், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 3500 சுற்று சுற்றும்போதுதான் கிடைக்கும். அதற்கு ரொம்பக் கீழே வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் உதறல்தான். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டி, காதுதான் கணக்கு. இப்போதெல்லாம் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு வந்துவிடுகிறேன், நடுவில் கிளட்சைத் தொடுவதில்லை. சமதரையில் கொஞ்சம் அழுத்தி மிதித்து வேகம் பிடித்து, சீக்கிரமே மேல் கியர்.

அப்புறம், இறக்கத்தில் நியூட்ரல் போடச் சொன்ன நண்பருக்கு: வேண்டாம் சார். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் அதை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் சும்மா ஓடிக் குடிக்கும், பிரேக்கும் சூடாகும்.