மறு: இரட்டைப் பக்கப் படத்தின் ‘கட்டர்’: தமிழில் என்ன?

அன்பர்களே,
இதழியல் மாணவர்களுக்கான ஒளிப்படக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது. இரட்டைப் பக்கத்தில் பரப்பும் படத்தின் நடுவே, இரு பக்கமும் இதழின் முதுகுக்குள் இறங்கும் இடம் ‘கட்டர்’ (gutter). தாள் வெட்டும் இயந்திரமும் கட்டர்தான் (cutter). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. “முகம் கட்டரில் போய்விடும்” என்றால் ஓரம் வெட்டுப்படும் என்றே மாணவர் புரிந்துகொள்வார். சொல் தாருங்கள்.
ந.

> சொல் தாருங்கள்

மடிபள்ளம். பார்த்ததும் விளங்கும்.
செ.

> மடிபள்ளம்

வலி மிகாமல் எழுதினால் வினைத்தொகை: மடிந்த, மடிகிற, மடியும் பள்ளம். பள்ளமா மடிகிறது? தாள் மடிகிறது. மடியால் உண்டான பள்ளம் என்று விரித்தால் ‘மடிப்பள்ளம்’ என ஒற்று மிகும். ஆனால் புதிதாகக் கட்டுவானேன்? “கவவு அகத்திடுமே” என்கிறது தொல்காப்பிய உரியியல். உள்ளே அகப்படுத்திக்கொள்வது கவவு. படத்தை விழுங்கும் முதுகுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. கவடு, கவை இரண்டும் இரண்டாகப் பிரியும் இடத்தையே குறிப்பவை. கவவும் அந்த வேர்தான் என்பது என் துணிபு.
இ.

இ. ஐயா, சொல் அழகுதான். ஆனால் பக்க வடிவமைப்பாளரிடம் தொலைபேசியில் “கவவிலிருந்து 10 மி.மீ. தள்ளுங்கள்” என்றால் அவர் எதைத் தள்ளுவார்?

நடப்பைச் சொல்கிறேன். பசை வைத்துக் கட்டும் இதழில் முதுகுப்பக்கம் 3 மி.மீ. வரை சீவிவிடுவார்கள், இதழும் தட்டையாக விரியாது. பக்கத்துக்கு 10 மி.மீ. போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஏ4 இரட்டைப் பக்கம் 420 மி.மீ.; அதில் 20 போகிறது. 6000×4000 படத்தை அந்த விகிதத்துக்கு வெட்டினால் அகலம் 5657 பிக்சல். நடுவில் சுமார் 270 பிக்சலில் கண், மூக்கு, விரல் எதுவும் இருக்கக்கூடாது. ஐந்து பேர் நின்றால் இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் மூவர், நடுவில் சுவர். இதைப் படம் எடுக்கும்போதே செய்யவேண்டும். பின்னால் படத்தை நகர்த்தினால் ஓரத்தில் நிற்பவரின் தோள் போகும்.

நடுமடிப்பில் கம்பிப் பின் அடித்த இதழில் நட்டநடு விரிப்பு (இரட்டைப் பக்கம்) மட்டுமே ஒரே தாள். மற்ற விரிப்புகளில் இடமும் வலமும் வேறு வேறு தாள்கள். நிறம் மாறும், படத்தின் சாய்கோடு நடுவில் படிபோல் விலகித் தெரியும். அங்கே பள்ளமே பெரிதாக இருக்காது, ஆனாலும் சிக்கல் உண்டு. அதனால் ‘பள்ளம்’ என்பதிலும் எனக்கு முழு நிறைவில்லை.
மீ.

> 10 மி.மீ.

நடுப்பட்டையை இரு பக்கத்திலும் ஒருமுறை கூடுதலாக அச்சிட்டு ஈடுகட்டலாமே?
செ.

ஆடை விளம்பரத்தில் செய்யலாம். செய்திப் படத்திலோ, அது இல்லாத ஒன்றைச் சேர்ப்பதாகும். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில், கிடைப்படத்தை நெடுக்குப் பக்கத்தில் அடக்க கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கிவைத்தார்கள். இன்றும் வகுப்பில் பிழைக்கு எடுத்துக்காட்டாக அதைத்தான் சொல்கிறோம். நம் ஓலைச்சுவடிக்காரர்கள் கயிற்றுத்துளையைச் சுற்றி இடம் விட்டு எழுதினார்கள். எழுத்தைத் துளைமேல் வைத்துவிட்டுப் பிறகு ஒட்டுப்போடவில்லை.
மீ.

அந்த வெற்றிடத்துக்குச் சுவடிக்காரர்களிடம் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். தேடிப்பார்க்கிறேன். கிடைத்தால் அதுவே நம் சொல்.
இ.

ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. நால்வர் மடிப்பள்ளம் என்கிறார்கள், அப்படியே போடுகிறேன். பின் அடித்த இதழுக்கு மட்டும் ‘மடிக்கோடு’ என்று தனியாக எழுதலாமா?
ந.

மடிக்கோடு அங்கே சரி. மடிப்பள்ளத்துக்கும் தடையில்லை, ஒற்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அடிக்குறிப்பில் கவவு இருக்கட்டும்.
இ.