மறு: ‘கேட்ச் டாக்’, ‘பே டாக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு,

பன்றி வேட்டைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அதில் வரும் ‘பே டாக்’, ‘கேட்ச் டாக்’ என்ற இருவகை வேட்டைநாய்களுக்குத் தமிழ்ப்பெயர் கேட்டுத் தொடங்கிய இழை இது. இழை நீண்டுவிட்டதால் எல்லாருக்கும் ஒரே மடலில் பதில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘வேட்டைநாய்’ என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு ஐயா?

அது பொதுப்பெயர். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பன்றி வேட்டைக்குப் போகிறவர் இரண்டு தொழில் செய்யும் நாய்களைக் கொண்டுபோகிறார். கேட்டஹூலா, பிளாக் மவுத் கர், பிளாட் ஹவுண்டு போன்ற இன நாய்கள் முன்னால் ஓடும். இவைதான் ‘பே டாக்’. மோப்பம் பிடித்துப் பன்றியைக் கண்டதும் சுற்றி நின்று குரைக்கும். நெருங்கினாலும் உடனே விலகிவிடும். பன்றி மரத்திலோ ஓடைக்கரையிலோ முதுகை ஒட்டிக்கொண்டு, முகத்தை நாய்கள் பக்கம் வைத்து நின்றுவிடும். இவ்வளவு நேரமும் இன்னொரு நாய், அதாவது ‘கேட்ச் டாக்’, வாரில்தான் இருக்கும். அது பிட்புல்லாகவோ அமெரிக்கன் புல்டாக்காகவோ அவற்றின் கலப்பாகவோ இருக்கும். குரைப்பு நகராமல் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகே அதை அவிழ்த்துவிடுவார்கள். அது நேரே போய்க் காதையோ தாடைச் சதையையோ வாயில் வாங்கிக்கொண்டு நின்றுவிடும். ஆள் பின்பக்கமாக வந்து பன்றியின் பின்னங்கால்களைப் பிடித்துப் புரட்டி, நெஞ்சில் கத்தியை இறக்குவார். அல்லது காலைக் கட்டி உயிரோடு தூக்கிப்போவார்.

இந்த இரண்டுக்கும் ‘வேட்டைநாய்’ என்றே போட்டால், “வேட்டைநாய் நிறுத்திய பன்றியை வேட்டைநாய் பிடித்தது” என்றுதான் எழுத முடியும். நான் மொழிபெயர்க்கும் கையேட்டில் இப்படிப் பக்கத்துக்கு நாலு வாக்கியம் வருகிறது. ஜெர்மன் அரண்மனை வேட்டைகளிலும் இந்த இரண்டு வேலைக்கும் ‘சாவ்ஃபிண்டர்’, ‘சாவ்பாக்கர்’ என்று தனித்தனிப் பெயர் இருந்தது. முன்னது பன்றியைத் தேடிக் கண்டது, பின்னது பாய்ந்து பற்றியது.

> கோம்பை, ராஜபாளையம் எல்லாம் பன்றி வேட்டைக்குப் பேர்போனவைதானே. ‘கோம்பை வகை’ என்று எழுதினால் நம் ஆட்களுக்குப் புரியுமே?

கோம்பை ஓர் இனத்தின் பெயர். நமக்கு வேண்டியது வேலையின் பெயர். ஒரே இனத்தில் ஒரு குட்டி பன்றியைப் பற்றும், அதன் உடன்பிறப்பு தள்ளி நின்று குரைக்கும். எதற்கு எந்தப் பெயர் என்பதை நாயின் நடத்தைதான் முடிவு செய்கிறது.

> ‘கடிநாய்’?

இதை ஏற்கவே மாட்டேன். பல் பதித்துவிட்டு எடுப்பது கடி. கடித்துக் கடித்து விடும் நாயை இந்த வேலைக்குச் சேர்க்கவே மாட்டார்கள். விட்ட கணத்தில் பன்றி திரும்பிவிடும். ஆண்பன்றியின் கீழ்க்கோரைப் பல் மேற்பல்லில் உரசி உரசித் தானே தீட்டிக்கொள்வது. நாயின் மார்பையும் கழுத்தையும் கிழித்துவிடும். காதைப் பற்றிய நாயோ பன்றியின் தோளோடு தோளாக, தந்தம் எட்டாத பக்கத்தில் கிடக்கும். தோள்பட்டையில் பல்லைப் பதித்தும் பயனில்லை. வளர்ந்த ஆண்பன்றிக்கு அங்கே தோலுக்கடியில் தடித்த கேடயம்போல ஒரு படலம் இருக்கிறது. ஆகவே எங்கே பற்றுகிறது, எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறது என்ற இரண்டில்தான் அந்த நாயின் தகுதி. ‘கடி’ என்ற சொல் இந்த இரண்டையும் சொல்லவில்லை.

> புறநானூறு 33-இல் ‘கதநாய் வேட்டுவன்’ என்று வருகிறது. அழகான பழஞ்சொல், தூசி தட்டி எடுத்துக்கொள்வோமே.

அழகுதான். ஆனால் கதம் என்றால் சினம். இந்த நாயிடம் வேட்டைக்காரர்கள் சற்றும் விரும்பாததும் அதுதான். பக்கத்தில் குரைத்துக்கொண்டிருக்கும் மற்ற நாய்மேல் பாய்ந்தால் வேட்டை கெட்டது. கைவைத்துப் பன்றியைப் புரட்டவரும் ஆள்மேல் திரும்பினால் ஆளே போனார். பன்றியிடம் விடாப்பிடி, மனிதரிடம் சாது. ‘கதநாய்’ என்று பெயர் வைத்தால் செய்தித்தாள்களில் வரும் பிட்புல் பயத்துக்கு நாமே சங்க இலக்கியச் சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

> ‘பிடிநாய்’ போதும். பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் அப்படித்தான்.

இழையில் வந்த வலுவான வாதம் இதுதான். பிரெஞ்சில் ‘ஷியென் து பிரீஸ்’, ஸ்பானியத்தில் ‘பெர்ரோ தே அகார்ரே’. பிரேசிலின் ‘ஃபிலா’ இனப்பெயர்கூடப் பற்றிக்கொள்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததே. பிடி என்றால் பெண்யானை, அதனால் குழப்பம் வரும் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் குழப்பம் செய்யுளில் வரலாம், கையேட்டில் வராது. என் தயக்கம் வேறு. தமிழில் கையும் பிடிக்கும், வலையும் பிடிக்கும், போலீசும் பிடிக்கும், சளியும் பிடிக்கும். எதனால் என்பது அந்த வினையில் இல்லை. போதாக்குறைக்கு, ‘நாய் பிடிக்கும் வண்டி’ என்று நகராட்சி வண்டி ஒன்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘கவ்வு’ என்றால் வாய் மட்டுமே. அதிலும் வாயில் வைத்தபடி நிற்பது. ஐரோப்பிய மொழிகள் பொதுவினையை எடுத்து நாய்க்குச் சுருக்கின. நமக்குச் சுருக்க வேண்டிய தேவையே இல்லாத வினை கையில் இருக்கிறது.

ஆகவே கவ்வுநாய். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கவ்விய, கவ்வுகிற, கவ்வும் என்று முக்காலத்துக்கும் ஒத்துப்போகிறது.

இனி மற்ற நாய். ‘குரைநாய்’ வேண்டாம், குரைக்காத நாய் ஏது? ‘மறியல் நாய்’ என்று ஒருவர் எழுதியதும் நான் சொக்கிப்போனேன், சாலைமறியல் காட்சி அப்படியே கண்ணில் வந்தது. பிறகு யாழ்ப்பாண நண்பர் எழுதினார்: அங்கே மறியல் என்றால் சிறை, விளக்கமறியல் என்றால் விசாரணைக் காவல், ‘மறியல் நாய்’ என்று படித்தால் சிறைச்சாலைக் காவல்நாய் என்றே நினைப்பார்கள். சரி, விட்டோம். ‘மறிநாய்’ என்று சுருக்கலாம் என்றால் மறி ஆட்டுக்குட்டியாகிவிடுகிறது.

நான் மடக்குநாய் என்கிறேன். ‘மடக்கிப் பிடித்தனர்’ என்பது எல்லாரும் அன்றாடம் படிக்கும் தொடர். வேட்டையில் நடப்பதும் அதே வரிசைதான்: ஒன்று மடக்குகிறது, மற்றது கவ்வுகிறது. மடக்கு நாற்காலி, மடக்குக் கத்தி மாதிரி மடித்து வைக்கும் நாயா என்று கேலி வரும் என்று தெரியும். வரட்டும்.

> அப்படியே ‘புல்-டைப் டெரியர்’ என்பதை ‘புல்வகை டெரியர்’ என்று போட்டுவிடலாமா?

தாவரவியல் நண்பர்கள் இந்தக் குழுமத்தில் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டீர்கள். நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் புல்வகை. ‘காளைவகை’ என்றாலும் தவறு. நாய்க்குக் காளையின் உருவமோ குணமோ கிடையாது. கட்டிவைத்த காளைமேல் நாயை ஏவிவிடும் ஆட்டம் இங்கிலாந்தில் இருந்தது. அந்த நாய்க்குத்தான் புல்டாக் என்று பெயர். இதை ‘ஏறுதழுவல்’ என்று மொழிபெயர்த்த ஒரு கட்டுரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். 1835-இல் சட்டம் போட்டு அந்த ஆட்டத்தை நிறுத்தினார்கள். புல்டாக்கையும் டெரியரையும் கலந்த நாய்கள் அந்தக் காலத்திலேயே இருந்தன. அவற்றிலிருந்து பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் வெள்ளை புல்டெரியரை உருவாக்கி 1862-இல் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். ஸ்டாஃபர்ட்ஷயர் புல்டெரியருக்கு 1935-இல்தான் நாயினங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப்பின் ஏற்பு கிடைத்தது. பிட்புல்லும் இதே வழிவந்தது. வம்சத்தைக் குறிக்கும் சொல் என்பதால் ‘புல்டாக்வழி டெரியர்கள்’ என்று எழுதுவோம். நீளம்தான், ஆனால் பொருள் கெடவில்லை. தனிப்பெயராக வரும்போது ‘புல்டெரியர்’ என்று சேர்த்தே எழுதுங்கள், பிரித்தால் மறுபடியும் புல் முளைத்துவிடும்.

சில்லறைச் சொற்கள். நாய்க்குப் போடும் தடித்த சட்டைக்கு ‘மார்க்கவசம்’, பட்டைக்குக் ‘கழுத்துக்காப்பு’. இவற்றில் யாருக்கும் சண்டை இல்லை. கவ்விய வாயைத் திறக்கக் கடைவாய்ப் பற்களுக்கிடையே செருகித் திருப்பும் மரத்துண்டை ‘விடுகட்டை’ என்கிறேன். ‘பூட்டுத்தாடை’ என்று ஒரு சொல் இழையில் வந்தது, தயவுசெய்து அதைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எந்த நாயின் தாடையிலும் பூட்டு கிடையாது. பிட்புல்லின் தாடை மூட்டும் மற்ற நாய்களின் மூட்டைப் போன்றதே. விடாமலிருப்பது அதன் பிடிவாதம்.

> இந்தக் கொடுமைக்குத் தமிழில் சொல் வேறு தேவையா?

கேள்வியை ஒதுக்கவில்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டுப்பன்றியை நாய்விட்டு வேட்டையாடுவது குற்றம். அதை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. கையேடு பேசுவது வேறு நிலத்தைப் பற்றி. ஆஸ்திரேலியாவுக்குப் பன்றி வந்ததே 1788-இல் முதல் குடியேற்றக் கப்பல்களில்தான். அமெரிக்காவில் 1539-இல் ஃபுளோரிடாவில் இறங்கிய ஸ்பானியர் தெ சோட்டோவின் படையோடு வந்தவை. இவை நம் காட்டுப்பன்றி அல்ல, பெரும்பாலும் காட்டுக்குப் போய்விட்ட வீட்டுப்பன்றியின் வழிவந்தவை. இதற்கும் சொல் வேண்டும்; ‘காடேறி’ என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், இரவில் தூக்கம் வராது. தனி இழையில் பேசுவோம்.

என் கருத்தைக் கேட்டால், பன்றிப் பெருக்கத்தைக் குறைக்க நாய்வேட்டை பெரிதாக உதவாது. நச்சு இரை, கூண்டு, ஹெலிகாப்டரிலிருந்து சுடுதல் ஆகியவைதான் எண்ணிக்கையை இறக்குகின்றன. கூண்டுக்குப் பழகித் தப்பிக்கும் கடைசிப் பன்றிகளுக்கு நாய் பயன்படும், அவ்வளவுதான். காயம்பட்ட நாய்களின் நிலை எனக்கும் உறுத்துகிறது. ஆனால் எதிர்த்து எழுதுகிறவருக்கும் எது மடக்குவது, எது கவ்வுவது என்று பிரித்துச் சொல்லச் சொல் வேண்டுமே. கவ்வுவதைத் தடைசெய்து மடக்குவதை மட்டும் அனுமதிக்கலாமா என்று ஒருவர் கேட்க நினைத்தால், இன்று தமிழில் அந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

அன்புடன்,
தொகுப்பாளர்

— — —

ஐயா,

வணக்கம். குயின்ஸ்லாந்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன், இந்த நாய்களைத் தைத்துப் பழக்கம். கவ்வுநாய்க்கு என் வாக்கு. சில குறிப்புகள் மட்டும்.

இங்கே தூய புல்டெரியரை வேட்டைக்குக் கொண்டுபோகிறவர்கள் குறைவு. தசை அதிகம், ஓட்டம் குறைவு, வெயில் தாங்காது. மார்க்கவசத்தையும் மாட்டி ஓடவிட்டால் பன்றியைவிடச் சூடுதான் முதலில் கொல்லும். அதனால்தான் கிரேஹவுண்டு, பாயிண்டர் இவற்றோடு கலந்தார்கள். ‘புல் அராப்’ என்று 1970-களில் இங்கே உருவான நாய் அப்படி வந்தது. அர்ஜென்டினாவின் தோகோ இன நாயும் இதே கணக்குதான். கோர்தோபாவில் நோரெஸ் மார்த்தினெஸ் 1920-களில் சேர்த்த இனங்களில் புல்டெரியரும் ஒன்று. ஓட்டத்தையும் மோப்பத்தையும் வேறு இனங்களிடம் வாங்கி, கவ்வை மட்டும் இதனிடம் வாங்கினார்கள். ஆகவே உங்கள் கலைச்சொல் விளக்கத்தில் ‘புல்டாக்வழி டெரியர்’ என்பதைக் கவ்வுநாய்க்கு மறுபெயராகப் போட்டுவிடாதீர்கள்.

கையேட்டின் நோய்ப்பகுதியிலும் இந்தப் பிரிவு உதவும். குயின்ஸ்லாந்திலும் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் பன்றி வேட்டை நாய்களுக்குப் புரூசெல்லா சூயிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வருகிறது. விதைப்பை வீங்கி, முதுகுவலியோடு கொண்டுவருவார்கள். பன்றியின் இரத்தம், பச்சை இறைச்சி வழியாக வருவது, ஆளுக்கும் தொற்றும். அமெரிக்காவில் பன்றியிடமிருந்து வருவது போலி வெறிநோய் (சூடோரேபீஸ்). அது நாய்க்கு வந்தால் பிழைப்பது மிக அரிது. பன்றி வாயோடு வாய்வைப்பது கவ்வுநாய்தானே.

ஒரு கேள்வி. குரைத்து மடக்கிக்கொண்டே, பன்றி ஓடப் பார்த்தால் மட்டும் ஒரு கவ்வுக் கவ்வி நிறுத்திவிட்டு விடுகிற நாய்கள் உண்டு. இங்கே நிறையப் பேர் விரும்புவது அதைத்தான். அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

— — —

அம்மா,

மிக்க நன்றி. இனத்தையும் வேலையையும் விளக்கத்தில் பிரித்தே எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

கவ்வுநாய்: மடக்கப்பட்ட பன்றியைக் காதிலோ தாடையிலோ கவ்வி, ஆள் வரும்வரை விடாமல் நிறுத்தும் நாய். பெரும்பாலும் புல்டாக்வழிக் கலப்பு.

மடக்குநாய்: பன்றியைத் தேடிக் கண்டு, சுற்றிக் குரைத்து, ஓடவிடாமல் ஓரிடத்தில் நிற்கவைக்கும் நாய்.

நீங்கள் கேட்டதற்கு ‘முரட்டு மடக்கு’ என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆங்கிலத்திலும் அதை முரட்டு நாய் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் படிப்பவர் அதை வளர்த்தவரிடமே முரண்டு பிடிக்கும் நாய் என்று எடுத்துக்கொள்வாரோ என்று சந்தேகம். ‘தொட்டுமடக்கி’ என்று இன்னொன்று தோன்றுகிறது. பன்றியைத் தொடாமல் மடக்குவதற்கும் தொட்டு மடக்குவதற்கும் உள்ள வேறுபாடு அதில் தெளிவாக இருக்கிறது, கபடி வாடையும் கொஞ்சம் அடிக்கிறது. இரண்டில் எது என்று வெள்ளிக்குள் எல்லாரும் எழுதுங்கள். மூன்றாவது இருந்தாலும் எழுதுங்கள்.