‘கேப்டிவ் ஆடியன்ஸ்’ என்று எழுதினால் பாராட்டா, குத்தலா?

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். விழாப் பேச்சாளர் 40 நிமிடம் சபையைக் கட்டிப்போட்டுவிட்டார். அதை ‘தி ஸ்பீக்கர் ஹேட் எ கேப்டிவ் ஆடியன்ஸ்’ என்று போட்டேன். செயலாளர் வேண்டாம் என்கிறார். தப்பா? இன்றிரவு அச்சுக்குப் போகிறது.

பழைய திருத்துநர்:
செயலாளர் சொல்வதே சரி. இலக்கணம் தப்பில்லை, பொருள்தான் கவிழ்கிறது. கேப்டிவ் ஆடியன்ஸ் என்றால் எழுந்து போக வழியில்லாத கூட்டம்: எல்ஆர்டி ரயில் பெட்டிக்குள் விளம்பரம் பார்ப்பவர்கள், நடுக்கடலில் பட்டர்வொர்த் ஃபெரியில் இருப்பவர்கள், திங்கட்கிழமை சபைகூடலில் வெயிலில் நிற்கும் பிள்ளைகள். பேச்சு நன்றாக இருந்ததா என்று அந்தத் தொடர் சொல்வதே இல்லை. படிப்பவர் ‘பாவம், மாட்டிக்கொண்டார்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்.

‘ஹெல்ட் தி ஆடியன்ஸஸ் அட்டென்ஷன் ஃபார் 40 மினிட்ஸ்’ என்று மாற்றுங்கள். ஆண்டறிக்கைக்கு அது போதும். கொஞ்சம் தூக்கலாக வேண்டுமானால் ‘கேப்டிவேட்டட் தி ஆடியன்ஸ்’. செயப்பாட்டு வினையாக எழுதினால் பின்னால் ‘பை’ வரும், ‘வித்’ ஒட்டாது.

பாலிக் புலாவ்:
குழப்பத்தின் வேர் நம் தமிழில் இருக்கிறது. நமக்குக் கட்டிப்போடுவது பாராட்டு. குறள் 643-லேயே ‘கேட்டார்ப் பிணிக்கும்’ என்றுதானே வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் லத்தீன் மூலம் ஒன்றுதான். ஆனால் கேப்டிவேட் ‘சிறைபிடி’ என்ற பழைய பொருளை உதறிவிட்டு, மனத்தை மயக்குவதோடு நின்றுகொண்டது. கேப்டிவ் இன்னும் கைவிலங்கோடுதான் திரிகிறது. வாஷிங்டன் டிராம்களிலும் பேருந்துகளிலும் வானொலி போட்டது பற்றிய வழக்கு 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதி டக்ளஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் பயணிகளை இந்தச் சொல்லால்தான் குறித்தார். விரும்பி அல்ல, வேறு வழியில்லாமல் ஏறியவர்கள் என்பது அவர் வாதம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
‘எ கேப்டிவேட்டட் ஆடியன்ஸ்’ என்று பெயருக்கு முன்னால் வைக்கலாமா?

பழைய திருத்துநர்:
வைக்கலாம். ஆனால் தட்டச்சில் வால் உதிர்ந்தால் பழைய கேப்டிவ்தான் மிஞ்சும், எழுத்துப்பிழைச் சோதனையிலும் அது மாட்டாது. வினையாகவே விடுங்கள். தலைமையாசிரியர் உரைப் பத்தியிலும் இதே தொடர் ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். வம்பு அங்கேதான் வரும்.