‘மா’: நிலமா, பின்னமா?

வணக்கம். புதுச்சேரியில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். அடுத்த வாரம் மொழிக் கண்காட்சி. ‘மா’ என்ற ஒலிக்கு மொழிக்கு மொழி என்ன பொருள் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலகை எழுதுகிறார்கள்.

வெளிமொழிகள் சுலபமாக முடிந்துவிட்டன. பிரெஞ்சில் பெண்பாற் சொல்லுக்கு முன் வரும் ‘என்’. லத்தீன் ‘மேயா’விலிருந்து வந்தது. இத்தாலியில் ‘ஆனால்’, அது லத்தீன் ‘மாகிஸ்’. அரபியில் ‘என்ன’, ஜப்பானியத்தில் ‘இடைவெளி’. சீனத்தில் தொனி மாறினால் அம்மா குதிரையாகிவிடுகிறாள்! பிள்ளைகளுக்கு அதுதான் ஒரே கொண்டாட்டம்.

சிக்கல் நம் தமிழில்தான். மாமரம், மாவு, விலங்கு, பெரிய... இதெல்லாம் சரி. ஆனால் 1/20 என்ற பின்னமும் மா, வேலி என்ற பழைய நில அளவில் இருபதில் ஒரு பங்கு நிலமும் மா. சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனையும் பர்ரோ–எமனோவின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984 பதிப்பையும் புரட்டிவிட்டேன். பொருள் கிடைக்கிறது, எது முந்தியது என்பது பிடிபடவில்லை. கடலூர்ப் பக்கம் பயிர் வைக்கும் மாமாவைக் கேட்டால், “மூணு மா போட்டா ஒரு ஏக்கர், அவ்வளவுதான்பா” என்கிறார்.

பின்னத்தின் பெயர்தான் நிலத்துக்கு வந்தது என்று காட்டும் கல்வெட்டோ நூலோ யாருக்காவது தெரியுமா?