காடழிப்பற்ற மரமா, காடழியா மரமா? ஒரு கலைச்சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

காடு அழிந்த நிலத்திலிருந்து வரும் பொருள்களைத் தன் சந்தையில் விடாமல் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிய காடழிப்புத் தடுப்பு ஒழுங்குவிதியில் திரும்பத் திரும்ப வரும் ‘டீஃபாரஸ்டேஷன் ஃப்ரீ’ என்னும் தொடருக்குக் ‘காடழிப்பற்ற’ என்பதையே நிலைநிறுத்திவிடலாம் என்று இந்த இழையில் பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். சொல் பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவது கடினம் என்பதால், அதற்கு முன்பே என் மறுப்பையும் ஒரு மாற்றுச் சொல்லையும் சற்று விரிவாகவே முன்வைக்கிறேன்.

இந்த ஒழுங்குவிதியைப் பற்றி நான் முன்பு எழுதிக்கொடுத்த ஒரு விளக்கக் குறிப்பில் ‘காடழிப்பற்ற மரம்’ என்றுதான் நானும் எழுதியிருந்தேன். அதைப் படித்த தச்சர் ஒருவர், “காட்டில் நின்ற மரத்தை வெட்டிக் கொண்டுவந்த பிறகு அதைக் காடழிப்பற்ற மரம் என்று எப்படிச் சொல்வது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஏதுமில்லை. பிழை என் சொல்லில் இருந்தது. வெட்டுவதே அழிப்பு என்று அவரை நினைக்க வைத்தது நான் தேர்ந்த சொல்தான்.

மரம் வெட்டுவது வேறு, காடு இல்லாமல் போவது வேறு. வெப்பமண்டல இயற்கைக் காடுகளில் முறையாக நடைபெறும் மரவெட்டு பெரும்பாலும் தெரிவுவெட்டுதான். ஒரு ஹெக்டேரில் நூற்றுக்கணக்கான மரங்கள் நின்றாலும், விலைபோகும் இனங்களில் குறிப்பிட்ட பருமனை எட்டிய சில மரங்களை மட்டும் எடுத்துவிட்டு, அடுத்த வெட்டுக்குச் சில பத்தாண்டுகள் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள். அங்கே வெட்டு நடந்திருக்கிறது, ஆனால் நிலம் காடாகவே இருக்கிறது. மாறாக, ஒரே மூச்சில் மரங்களை வீழ்த்தி அந்த நிலத்தில் எண்ணெய்ப்பனையோ சோயாவோ பயிரிட்டுவிட்டால், அங்கே காடு என்பதே முடிந்துபோகிறது. ஒழுங்குவிதியின் வரையறை இந்த இரண்டாவதைத்தான் சுட்டுகிறது: காட்டு நிலம் வேளாண் பயன்பாட்டுக்கு மாறுவது, அம்மாற்றம் மனிதரால் நிகழ்ந்தாலும் இல்லாவிட்டாலும்.

இந்தக் கடைசித் தொடரை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தமிழில் ‘அழி’ என்னும் வேர் தன்வினையாகவும் பிறவினையாகவும் இருவகையில் இயங்குவது. ‘அழிவு’ தானாகவோ பிறராலோ நேர்வது, ‘அழிப்பு’ ஒருவர் செய்வது. ‘காடழிப்பு’ என்று சொன்ன உடனே அழித்தவர் யார் என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. வரையறையோ செய்தவரைத் தேடவில்லை; தீயில் கருகிய காட்டில் பின்னர் உழவு நடந்தாலும் அது அங்கே காடு போன நிலம்தான். ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு வேறுபாட்டைத் தமிழ் தன் வினையமைப்பிலேயே வைத்திருக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது நமக்குத்தான் இழப்பு. ஆகவே பெயர்ச்சொல்லாக வரும் இடங்களில், நிகழ்வைக் குறிக்கக் ‘காடழிவு’ என்றும், செய்தவரைக் குறித்த குற்றச்சாட்டு இருக்கும் இடங்களில் மட்டும் ‘காடழிப்பு’ என்றும் பிரித்தாளலாம்.

நண்பர் ஒருவர் ‘காடு திருத்தல்’ என்ற பழைய வழக்கை நினைவூட்டியிருந்தார். பொருள் நெருக்கத்தைப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான தொடர் நம்மிடம் இல்லை. காட்டை விளைநிலமாக்குவது என்பதைத்தான் அது சொல்கிறது, ஒழுங்குவிதியின் வரையறையும் ஏறத்தாழ அதுவே. ஆனால் திருத்துதல் என்றால் பிழையை நீக்கி நேராக்குதல் அல்லவா? காட்டைக் கொன்று நாடாக்கியதை மன்னனின் பெருமையாகப் பாடிய ஒரு காலத்தின் மதிப்பீடு அந்தச் சொல்லுக்குள் ஊறிக்கிடக்கிறது. அந்த மதிப்பீட்டை நான் பழிக்கவில்லை. பசியோடு இருந்தவர்களுக்கு விளைநிலம் பெரிய கொடையாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் காட்டை இழந்ததற்காகச் சந்தையின் கதவை மூடும் ஒரு சட்டத்தில், அந்த இழப்பைத் ‘திருத்தம்’ என்று எழுத முடியாது.

இனி ‘அற்ற’ என்பதற்கு வருகிறேன். ‘உப்பற்ற’, ‘நச்சற்ற’ என்று நாம் சொல்லும்போது, ஒரு பொருளுக்குள் இருக்கக்கூடிய கூறு ஒன்று இந்தப் பொருளில் இல்லை என்கிறோம். காடழிவு மரத்துக்குள் இருக்கும் கூறு அன்று. பலகையை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் அது தென்படாது. மரத்தின் இழையமைப்பைக் கொண்டு இனத்தை அறியலாம், ஐசோடோப்பு ஆய்வைக் கொண்டு விளைந்த வட்டாரத்தை ஓரளவு கணிக்கலாம். ஆனால் அந்த மரம் நின்ற இடத்தில் இன்று காடு இருக்கிறதா என்பதைப் பலகை சொல்லாது, நிலம்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் ஒழுங்குவிதி வெட்டிய நிலத்தின் புவி ஆயத்தொலைவுகளை (அகலாங்கு, நெட்டாங்கு) கேட்கிறது.

என் முன்மொழிவு ‘காடழியா’ என்பது. ‘காடழியாத’ என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். காடழியாப் பொருள், காடழியாக் காப்பி, காடழியா வணிகம் என்று எந்தப் பெயரோடும் இயல்பாகப் பொருந்தும். ‘காடழியா மரம் என்றால் காட்டை அழிக்காத மரம் என்றுதானே பொருள்படும்?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். அழியா என்பது தன்வினை. ‘வலி தெரியாத ஊசி’ என்பதில் தெரியாதது வலியே அன்றி ஊசி இல்லை என்பது போல, இங்கே அழியாதது காடுதான். காடு அழியாத வகையில் பெறப்பட்ட மரம் என்ற பொருளைப் பெயரெச்சமே தாங்கிக்கொள்கிறது. ‘காடழிவிலி’ என்ற இன்னொரு முன்மொழிவும் வந்திருந்தது. அது பெயராகவே நின்றுவிடுவதால் அடையாக வரும் இடங்களில் தடுமாறும்.

‘பேண்தகு மரம்’, அதாவது காட்டின் வளம் குன்றாதபடி எடுத்த மரம், என்றே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமே என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பேண்தகு, சட்டமுறை, காடழியா ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. இந்தோனேசியா 2016ஆம் ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மர உரிமச்சான்றுகளை வழங்கத் தொடங்கியபோது, அச்சான்று உறுதிசெய்தது மரம் அந்நாட்டுச் சட்டப்படி வெட்டப்பட்டது என்பதை. ஒரு நாட்டின் சட்டமே குறிப்பிட்ட காட்டைத் தோட்டமாக்க அனுமதி கொடுத்திருந்தால், அங்கே வீழ்த்திய மரம் முற்றிலும் சட்டமுறை மரம். ஆனால் அது நின்ற காடு இன்று இல்லை. இந்த இடைவெளியை மூடுவதற்காகவே புதிய ஒழுங்குவிதி, சட்டமுறையாகவும் இருக்க வேண்டும், காடழியாததாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியே கேட்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் கரைத்துவிட்டால், சட்டத்தின் மையமே தமிழில் காணாமல் போய்விடும்.

‘காடு’ என்ற சொல்லும் நமக்குச் சிக்கல் தரக்கூடியது. வட்டார வழக்குகளில் புன்செய் நிலத்தையும் காடு என்கிறோம். ரப்பர் மரங்கள் அடர்ந்து நிற்பதைப் பார்த்து ரப்பர்க் காடு என்று எழுதுவோரும் உண்டு. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில் அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பும், 5 மீட்டருக்கு மேல் உயரும் மரங்களும், நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மூடும் மர உச்சிகளின் விதானமும் இருந்தால் அது காடு. அந்தக் கணக்கில் ரப்பர்த் தோட்டமும் காட்டில் சேரும். ஐரோப்பிய ஒழுங்குவிதி அதே அளவைகளை எடுத்துக்கொண்டாலும், ரப்பரையும் எண்ணெய்ப்பனையையும் வேளாண் தோட்டங்கள் என்று ஒதுக்கிவிடுகிறது. ஆகவே இயற்கைக் காட்டை வீழ்த்தி ரப்பர் நட்டால், ஒரு கணக்கில் காடு தொடர்கிறது, மற்றொன்றில் காடு அழிந்தது. நம் சொற்பட்டியலில் ‘ரப்பர்த் தோட்டம்’ என்பதை மட்டுமே ஏற்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

மரத்தைப் பொறுத்தவரை இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஒழுங்குவிதி தழுவும் 7 பொருள்களில் மரத்துக்கு மட்டும் கூடுதல் நிபந்தனை ஒன்று உண்டு: வெட்டியதால் காட்டின் தரம் கெட்டிருக்கக் கூடாது. இதற்கு ‘காட்டு நலிவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நலிவு என்பது சிறிது சிறிதாக மெலிவதைக் காட்டுகிறது. சட்டம் பேசுவதோ கட்டமைப்பு மாற்றத்தை, அதாவது முதுகாடு நடவுக்காடாகவோ, தானே தழைத்த காடு ஓரினத் தோட்டக்காடாகவோ மாறிவிடுவதை. மரங்கள் அப்போதும் வரிசை வரிசையாக நிற்கும், பசுமை குறையாது, ஆனால் காட்டின் கட்டு குலைந்திருக்கும். ‘கட்டுக்குலைதல்’ என்று நாம் ஏற்கெனவே சொல்லும் தொடரிலிருந்து ‘காட்டுக்குலைவு’ என்று எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

ஒழுங்குவிதி வணிகர்களிடம் கேட்கும் ‘டியூ டிலிஜென்ஸ்’ என்பதற்கு ‘உரிய விடாமுயற்சி’ என்று சில பக்கங்களில் காணப்படுவது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. தகவல் திரட்டி, இடரை மதிப்பிட்டு, இடர் இருந்தால் அதைக் குறைத்த பிறகே சரக்கைச் சந்தைக்கு விடும் கடமை அது. ‘தேர்ந்து தெளிதல்’ என்றால் போதும்.

சொல்லுக்காக நான் இவ்வளவு மன்றாடுவதற்குக் காரணம் உண்டு. வெட்டுமரம் என்றாலே காடழிப்பு என்ற எண்ணம் வலுத்து, வெப்பமண்டல மரத்தை வாங்குவோர் ஒட்டுமொத்தமாக விலகிவிட்டால், நன்கு பேணப்படும் காட்டிலிருந்து வரும் வருவாயும் நின்றுபோகும். வருவாய் தராத காட்டைவிட எண்ணெய்ப்பனை மேல் என்று நிலத்துக்குரியவர் முடிவெடுக்க அது வழிவகுக்கும். யோகஹாமாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல மர அமைப்பு போன்றவை நெடுங்காலமாகச் சொல்லிவரும் கவலை இது. தெரிவுவெட்டுக்காகப் போடும் பாதைகள் வழியே பின்னர் ஆக்கிரமிப்பு நுழைவதும் உண்மைதான் என்பதை மறுக்கவில்லை; அதனால்தான் வெட்டையும் அழிவையும் பிரித்துச் சொல்லும் சொற்கள் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முடிவுக்கு விடுகிறேன். ‘காடழியா’ என்பது என்றைக்குமே அழியாத காடு என்று ஒலிக்கிறது. சட்டமோ 2020 டிசம்பர் 31க்குப் பிந்தைய அழிவை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வரும் நாளைத் தள்ளிவைத்தபோதும் இந்த எல்லைநாளை மாற்றவில்லை. சொல்லுக்குள்ளேயே நாளை நுழைக்க முயன்றால் அது நீண்டு உடைந்துவிடும் என்பதால், எல்லைநாளையும், மரத்துக்கு மட்டும் காட்டுக்குலைவும் கூடாது என்பதையும் பட்டியலின் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடலாம் என்பது என் எண்ணம். மரத்துக்கெனத் தனியே ‘காடு குலையா’ என்று ஆளலாமா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வனவியல் அறிந்தவர்கள் இதைப் பற்றி எழுதுங்கள்.