போரேஜ்: பூவைத் தாராளமாக, இலையை அளவோடு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கற்பூரவள்ளிக்கு ‘இந்தியன் போரேஜ்’ என்றும் ஒரு பெயர் இருப்பதால், இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறைய. இரண்டுக்கும் உறவே கிடையாது. கற்பூரவள்ளி துளசிக் குடும்பம்; தடித்த இலை, ஓம வாசம். உண்மையான போரேஜ் (போராகோ அஃபிசினாலிஸ்) மத்தியதரைக் கடல் பகுதிச் செடி. ஒரே பருவத்தில் பூத்துக் காய்த்து முடிந்துவிடும். இரண்டு மூன்று அடி உயரம், தண்டிலும் இலையிலும் வெள்ளைச் சுணை, மொட்டில் இளஞ்சிவப்பாக இருந்து விரிந்ததும் நீலமாகும் ஐந்துமுனைப் பூ. இலையைக் கசக்கினால் வெள்ளரிப் பிஞ்சின் மணம். யுனானிச் சரக்கில் ‘காவ்ஸபான்’ என்று வருவதும் பெரும்பாலும் இதுவல்ல. ஓனோஸ்மா, எக்கியம் என்ற வேறு செடிகள்.

* * *

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. பூக்குமுன் இலையை மட்டும் வைத்து, தானாக முளைத்த செடியைப் பறிக்கவே கூடாது. இதயத்தைத் தாக்கும் டிஜிட்டாலிஸ், மனக்குழப்பம் உண்டாக்கும் மாண்ட்ரேக் இரண்டின் இலைகளும் தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும்போது போரேஜ் போலவே தெரியும். டிஜிட்டாலிஸ் இலையில் இருப்பது மெத்தென்ற பஞ்சு ரோமம். போரேஜ் சுணை கையில் குத்தும். காம்ஃப்ரே என்ற வேறொரு செடியின் இலையிலும் குத்தும் சுணை உண்டு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. நீல நட்சத்திரப் பூவைப் பார்த்த பிறகே உறுதி. சந்தேகம் இருந்தால் வாயில் வைத்துச் சோதிக்காதீர்கள்.

* * *

வளர்ப்பு பற்றி. நாற்றங்காலில் போட்டுப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் சோர்ந்துபோகும். ஆணிவேர் ஆழமாக இறங்கும். அது முறிந்தால் செடி தேறாது. நிற்கப்போகும் இடத்திலேயே ஒரு செ.மீ. ஆழத்தில் விதைத்து மண்ணால் மூடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். செடிக்குச் செடி 30 முதல் 45 செ.மீ. விட்டு, இடையில் உள்ளதைப் பிடுங்கிவிடுங்கள். நெருக்கி விட்டால் காற்றோட்டம் இல்லாமல் இலையில் சாம்பல் நோய் வரும். தழைச்சத்து உரம் அதிகமானால் இலைதான் தழைக்கும், பூ குறையும், தண்டு சாய்ந்துவிடும்.

விதை எடுப்பதுதான் சிரமம். ஒரு பூவுக்கு நான்கு விதை வரை. கறுத்ததும் தானே உதிர்ந்துவிடும், அதுவும் ஒரே நாளில் எல்லாம் முற்றாது. அடியில் துணி விரித்து வைப்பதே வழி. விட்டுவிட்டால் அடுத்த பருவம் பாத்தி முழுக்கப் போரேஜ்தான்.

* * *

பூவைக் காம்போடு பறித்து அப்படியே உணவில் போட்டுவிடுகிறார்கள் பலர். பின்பக்கத்துப் பச்சைப் புல்லியில் சுணை உண்டு, நாக்கில் உறுத்தும். நடுவில் கறுப்பாகக் கூம்பு போல நிற்கும் மகரந்தப் பைகளை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் நீல இதழ் மொத்தமாகக் கழன்று வரும், புல்லி செடியிலேயே நின்றுவிடும். வராவிட்டால் பூ இன்னும் முழுதாக விரியவில்லை என்று அர்த்தம்.

பனிக்கட்டியில் வைக்க, கொதித்து ஆறிய தண்ணீரை அச்சில் பாதி ஊற்றி உறையவிட்டு, பூவை வைத்து மீதியை ஊற்றுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் பூ மிதந்து மேலே வந்துவிடும். சாலட்டில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். கெட்டுப்போகவில்லை, புளிப்புக்கு நிறமி அப்படித்தான் மாறும். நீலம் வேண்டுமென்றால் பூவைக் கடைசியில் தூவுங்கள்.

* * *

இலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். கொழுந்தை மட்டும் எடுத்துப் பொடியாக நறுக்கினால் பச்சையாகவே சாப்பிடலாம். சற்று முற்றியதைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்தால் சுணை அடங்கிக் கீரை போல ஆகும். உலர்த்திவைத்தால் வெள்ளரி மணம் போய்விடும், வெறும் சருகுதான் மிஞ்சும்.

ஆனால் இலையில் சிறிதளவு பைரோலிசிடின் அல்கலாய்டுகள் உண்டு. இந்த வகைச் சேர்மங்கள் கல்லீரலின் நுண்ணிய நாளங்களைப் பாதிப்பவை. பாதிப்பு சிறுகச் சிறுகச் சேரும். வேகவைத்தால் நச்சு போய்விடும் என்று நம்பாதீர்கள். எப்போதாவது நாலு கொழுந்து என்பது வேறு, இருமலுக்கென்று மாதக்கணக்கில் தினமும் இலைக் கஷாயம் குடிப்பது வேறு. இரண்டாவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், குழந்தைகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இலையை அறவே தவிர்க்க வேண்டும்.

* * *

விதை எண்ணெய் தனிக் கதை. அதன் கொழுப்பமிலங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காமா லினோலெனிக் அமிலம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற பூச்செடியின் விதை எண்ணெயில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய்க்கு இது கைகண்ட மருந்து என்று இன்றும் விற்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013 மதிப்பாய்வு, வாய்வழி எடுத்த இந்த எண்ணெயால் கரப்பான் குணமாவதாகத் தெரியவில்லை என்றே முடித்தது. வாங்குவதானால் ‘பைரோலிசிடின் அல்கலாய்டு நீக்கப்பட்டது’ என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். திறந்த பிறகு குளிரில், வெளிச்சம் படாமல் வையுங்கள். சிக்கு வாடை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.