கடல் எண்ணெய் மேடையில் ஹெலிகாப்டர் இறங்குவது ஏன் இத்தனை கடினம்?

கேள்வி (காரைக்குடி)

அனைவருக்கும் வணக்கம். இங்கே பொறியியல் முடித்த என் தமக்கை மகனுக்கு, மும்பைக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் வேலை கிடைத்திருக்கிறது. 2022 ஜூன் 28 அன்று சாகர் கிரண் என்ற ரிக்கை (எண்ணெய்க் கிணறு துளைக்கும் மேடையை) நெருங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் கடலில் விழுந்து, அதிலிருந்த ஒன்பது பேரில் நால்வர் இறந்த செய்தியை அவனுடைய அப்பத்தாள் இன்னும் மறக்கவில்லை. பிள்ளையை அனுப்பவே கூடாது என்கிறார். அன்று ஹெலிகாப்டரை நீரில் மிதக்க வைக்கும் காற்றுப் பைகளான மிதவைகள் விரிந்தன என்று படித்தேன். பிறகும் ஏன் உயிர்கள் போயின? இறங்கும் நேரத்தில் அப்படி என்னதான் நேர்கிறது? ஆறுதலுக்காகச் சொல்லாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பதில் 1 (கானாடுகாத்தான்)

தம்பி, ரிக்கின் ஹெலிடெக், அதாவது ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தின் பொறுப்பில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எல்லா விபத்தும் இறங்கும்போது நேர்வதில்லை. 2018 ஜனவரியில் ஏழு பேரைப் பலிகொண்ட ஹெலிகாப்டர் விபத்து, மும்பையின் ஜூஹு விமானத் தளத்திலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் கடலின் மேல் நடந்தது.

இறங்கும் இடத்தைப் பற்றிச் சொல்வதானால், எஸ்-76 வகை ஹெலிகாப்டர் சுழலிறக்கைகளோடு சேர்த்து 16 மீட்டர் நீளமுள்ளது. தளம் அந்த அளவை மனத்தில் வைத்தே கட்டப்படுகிறது, ஆகவே தாராளமான இடம் என்று எதுவும் இல்லை. தளத்தைச் சுற்றி 210 பாகை அளவுக்குத் தடையில்லாத வெளி இருக்க வேண்டும் என்பது விதி. மீதிப் பக்கத்தில் டெரிக் எனும் துளையிடும் கோபுரம், கிரேன், எரிவாயுவை எரிக்கும் குழாய் எல்லாம் நிற்கின்றன. காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால், இரும்புக் கட்டுமானத்தில் மோதிச் சிதறிய காற்றும், டர்பைன் புகைபோக்கியின் வெப்பக் காற்றும் தளத்தின் மேல் வந்து விழும். வெப்பக் காற்றில் சுழலிறக்கையின் தூக்கும் வலு குறைவதோடு எஞ்சினின் வலுவும் குறைகிறது. அதுவும் ஹெலிகாப்டர் வேகம் குறைத்து, மிக அதிக வலுவைக் கேட்கும் கடைசி நொடிகளில். கிரேனை நிறுத்தாமல் எந்த ஹெலிகாப்டரையும் வரவேற்கக் கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருந்ததற்கு, அந்த நொடிகளில் விமானிக்கு உபரி வலு குறைவு என்பதும் ஒரு காரணம்.

தளம் மிதக்கும் கப்பலின் மேல் இருந்தால் இறங்கிய பிறகும் நிம்மதி கிடையாது. 2001 நவம்பரில் பிரிட்டன் கடலில் வெஸ்ட் நேவியன் என்ற, எண்ணெய்க் கிணறு துளைக்கும் கப்பலின் மேல் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் சுழலிறக்கை ஓடியபடி நின்றிருந்தபோது, கப்பல் தன் திசையைத் தக்கவைக்க முடியாமல் திரும்பியது. ஹெலிகாப்டர் தளத்திலேயே கவிழ்ந்து, வெளியே நின்ற துணை விமானி படுகாயமடைந்தார்.

பதில் 2 (பள்ளத்தூர், தற்போது அபர்தீன்)

அண்ணன் எழுதியவை சரியானவை. ஆனால் காற்றைவிட இருட்டையே பெரிய எதிரியாக நான் கருதுகிறேன். கரையில் இரவில் இறங்கும் விமானிக்குச் சுற்றிலும் தெருவிளக்குகள் உண்டு. நடுக்கடலிலோ ஒரே ஒரு வெளிச்சத் தீவும் அதைச் சூழ்ந்த கருமையும்தான். தொடுவானம் தெரியாதபோது, தான் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு சாய்வில் இருக்கிறோம் என்பதைக் கண் தவறாகச் சொல்லும். 2006 டிசம்பர் 27 மாலை, இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் ஒரு மேடையை நெருங்கிய டாஃபின் ஹெலிகாப்டரில், இறங்க முடியாமல் விலகும் முயற்சியின்போது துணை விமானி திசையுணர்வை இழந்தார். ஏழு பேரும் இறந்தனர். 2009 பிப்ரவரி 18 இரவு, மூடுபனித் திட்டுகளுக்கிடையே வட கடலின் ஈடாப் மேடையை நெருங்கிய ஹெலிகாப்டரின் விமானிகளும் தங்கள் நிலையைத் தவறாகவே கணித்தார்கள். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் உதவவில்லை. அந்த ஹெலிகாப்டரில் இருந்த பதினெட்டுப் பேரும் பிழைத்துக்கொண்டார்கள், ஏனெனில் அது நிமிர்ந்தபடி மிதந்தது.

கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் நிமிர்ந்து மிதப்பதுதான் உயிரைக் காக்கிறதா?

பதில் 3 (தேவகோட்டை)

கடல்சார் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவள் நான். மிதப்பது முக்கியந்தான், ஆனால் அதை நம்பிப் போகக் கூடாது. எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் மேலே இருப்பதால், வைக்கோலை உயர அடுக்கிய வண்டியைப் போல ஹெலிகாப்டர் அலையில் எளிதில் குடைசாய்ந்துவிடும். மிதவைகள் அது மூழ்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, கவிழ்வதை எப்போதும் தடுப்பதில்லை. கவிழ்ந்தால் பயணி தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்குவார். அந்த நிலையில் முதலில் ஜன்னலோரத்தை ஒரு கையால் பற்றி, அதைத் தள்ளித் திறந்து, பின்னரே இருக்கைப் பட்டையை விடுவிக்க வேண்டும். பட்டையை முதலில் கழற்றியவர் மிதந்து எழும்பி, வழி எது என்றே தெரியாமல் தவிப்பார்.

2013இல் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகள் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் நால்வர் இறந்த பிறகு பிரிட்டன் விதிகளை இறுக்கியது. நீருக்கடியில் மூச்சுவிட உதவும் கருவி கட்டாயமானது. தோள் அகலம் சுமார் 56 செ.மீ.க்கு மேல் உள்ளவர்கள் பெரிய ஜன்னலருகே மட்டுமே அமர வேண்டும் என்றும் வந்தது. உங்கள் மருமகன் கேட்க வேண்டியவை இவை: கவிழும் கூண்டில் நீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சி உண்டா, அதில் ஜன்னலைத் தள்ளித் திறக்கவும் வைக்கிறார்களா, மூச்சுக் கருவி தருகிறார்களா, இரவில் ஆட்களை ஏற்றிச் செல்கிறார்களா, எந்த அலை உயரத்துக்கு மேல் பறப்பதை நிறுத்துகிறார்கள்? தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடைசிக் கேள்விக்குத் தெளிவான எண்ணாகப் பதில் வர வேண்டும்.

கேட்டவர்

இந்த ஐந்தையும் எழுதி அவனிடம் கொடுத்திருக்கிறேன். பணியில் சேரும் முன்பே எழுத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் அப்பத்தாளிடம் நானே படித்துக் காட்டுவேன், அவர் கேட்கும் ஐயங்களை இங்கே மீண்டும் எழுதுவேன்.